கடல் இல்லாத பாட்டுகள்

கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் தில்லைநாயகம் என்றொரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். கணினியைக் கொண்டு இலக்கியத்தையும் பண்பாட்டையும் ஆராயும் புதிய துறை ஒன்றைத் தொடங்கி, அதை அவர் தலையில் கட்டினார்கள். அவருக்குக் கணினியில் கடிதம் அடிக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

வேறு ஊரில் அப்படியொரு துறையை நடத்திவந்தவர் ஹமீதா பானு. தில்லைநாயகத்தைவிட வயதில் இளையவர். அவரைத் தேடிப் போய், “நீங்கள்தான் எனக்குக் குரு” என்றார் தில்லைநாயகம்.

ஹமீதா பானு சிரித்தார். “வருகிறேன் ஐயா. அதுவரை ஏதாவது ஒன்றைத் தேடிக்கொண்டிருங்கள்.”

தமிழ்த் துறையின் அலமாரியில் ஒலிநாடாக்கள் கிடந்தன. மீனவ ஊர்களில் கணவனைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் பாடிய ஒப்பாரிகள். மாணவர்கள் அவற்றைக் கேட்டு எழுதினார்கள், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு. கணினித் துறையிலிருந்து ஜெபசீலன் என்ற விரிவுரையாளர் வந்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்க்க ஒரு நிரல் எழுதினார்.

“முதலில் கடலைத் தேடுங்கள் தம்பி” என்றார் தில்லைநாயகம்.

ஜெபசீலன் தேடினார். திரையைப் பார்த்தார். மறுபடி தேடினார்.

“ஐயா, சுழியம்.”

“சமுத்திரம்?”

“அதுவும் இல்லை.”

துறை தொடரலாமா, மூடலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வரவிருந்தது. கடலில் செத்தவனுக்கு அழும் பாட்டில் கடல் இல்லை என்று காட்டினால் சிரிக்க மாட்டார்களா? நிரலில் கோளாறு என்று தில்லைநாயகம் சொன்னார். உங்கள் பிள்ளைகள் எழுதியதில் கோளாறு என்று ஜெபசீலன் சொன்னார். இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஹமீதா பானு வந்து சேர்ந்தார்.

“மேடம், மீன் பெயர்கள் நன்றாக வந்திருக்கின்றன. கடலை விட்டுவிட்டு மீனை மட்டும் காட்டிவிடட்டுமா?” என்று கேட்டார் தில்லைநாயகம்.

ஹமீதா பானு திரையை அணைத்தார். ஒரு நாடாவை எடுத்துப் போட்டு, சத்தத்தைக் கூட்டினார்.

“இருவரும் உட்காருங்கள்.”

இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் எழுந்தது.

“அவ கொடுத்த சோறு, அவளே திருப்பிக் கேட்டுக்கிட்டா – எங்க
அவரை மடியில வச்சு அனுப்ப மாட்டேங்கிறா…”

பாட்டு முடிந்தது. தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல ஆண்டுகளாக அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் அவர் நாற்காலி இருந்தது. ஒரு நாடாவைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை.

“யார் இந்த அவ?” என்றார் ஜெபசீலன். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “கடல்தான்! அவன், அவள், அது எல்லாம் எங்கும் வரும் சொற்கள். எண்ண வேண்டாம் என்று நான்தான் ஒதுக்கிவைத்தேன்.”

ஒதுக்கியதைத் திரும்பச் சேர்த்தார்கள். பாட்டுக்குப் பாட்டு ‘அவ’ நின்றாள்.

மறுநாள் மூவரும், நாடா உறையில் எழுதியிருந்த பெயரை வைத்து, அந்தக் குரலுக்குரிய லூர்தம்மாளைத் தேடிப் போனார்கள். வலை காயும் மணலில் உட்கார்ந்திருந்தார். ஏன் கடல் என்று சொல்லவில்லை என்று தில்லைநாயகம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பேரைச் சொல்லி ஏசுனா அவளுக்குக் கோவம் வராதா சார்?” என்றார் லூர்தம்மாள். “அவரு போயிட்டாரு. எம் புள்ள இன்னும் அவ மேலதான போயிட்டு வாரான்.”

குழு வந்தது. தில்லைநாயகம் மீனைக் காட்டவில்லை. சுழியத்தைக் காட்டினார். பாட்டைப் போட்டார். லூர்தம்மாள் சொன்னதைச் சொன்னார். குழுத் தலைவராக வந்தவர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். அப்புறம், “மற்ற ஊர்களிலும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“தெரியாது ஐயா. போய்க் கேட்க வேண்டும்.”

“அப்படியென்றால் போங்கள். துறையில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

துறை பிழைத்தது. வெளியே வந்ததும் ஜெபசீலன் தில்லைநாயகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கேண்டீனில் மூவரும் டீ குடித்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் தில்லைநாயகத்துக்குப் பசித்தது. சூடான பஜ்ஜியைப் பிய்த்துத் தின்றபடி சிரித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று கையை நிறுத்தினார்.

“மேடம், ஒரு சந்தேகம். கேட்டால் கோபிக்கக் கூடாது.”

“கேளுங்கள் ஐயா.”

“ஒரே ஒரு பாட்டைக் காதால் கேட்டோம், எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு கணினி எதற்கு?”

ஜெபசீலன் டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

ஹமீதா பானு சொன்னார்:

“ஒருத்தி சொல்லாமல் விட்டால், துக்கத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்போம். ஒருத்திகூடச் சொல்லவில்லை என்று நம்மிடம் யார் சொன்னது?”