இரண்டே கால் சுற்று

குருவுக்கு வயது முப்பத்தி நான்கு. சீடருக்கு ஐம்பத்தி ஆறு. கதைகளில் இது தலைகீழாகத்தான் இருக்கும். சிங்காநல்லூரில் இப்படி அமைந்துவிட்டது, என்ன செய்ய?

குருவின் பெயர் தமயந்தி. பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. நாள் முழுக்க மோட்டார் ஓடுவதைக் காதால் கேட்டு நல்லது கெட்டது சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பைக் வைத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போவாள். தானாக ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டாள். அவர்களையே கழற்ற வைத்து, அவர்களையே பூட்ட வைத்து, பக்கத்தில் நிற்பாள்.

சீடர் ரங்கராஜு, மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஐந்நூறு சிசி வண்டி நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. பதினோரு வருடம் போர்டிகோவில் போர்வைக்குள் தூங்கியது. எட்டு மாதமாக அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி கோத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு தமயந்தி பத்து நாள் பயணம் கிளம்புகிறாள். வால்பாறை ஏறி, மறுபக்கம் இறங்கி, கடலோரமாகவே கோகர்ணம் வரை. அவள் எஞ்சினைக் கேட்டு 'சரி' என்று சொன்ன வண்டி கூட வரலாம். சொல்லாத வண்டி வீட்டிலேயே நிற்க வேண்டியதுதான். எட்டு மாதமும் ரங்கராஜு கையில் கிரீஸ் பூசிக்கொண்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

இந்த ஞாயிறு போர்டிகோவில் ரங்கராஜுவின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தமயந்தி கண்ணை மூடி நின்றாள். ரங்கராஜு அவளையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி ஓடுதுங்கண்ணா?"

"அவன் வண்டி மாதிரி இல்லீங்க அம்மணி."

தமயந்தி கண்ணைத் திறந்தாள்.

"அப்ப இன்னும் இல்லீங்கண்ணா," என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள்.

'அவன்' என்றது எதிர்வீட்டுக் கனகசபையை. கணக்கு டியூஷன் எடுப்பவன், வயது நாற்பத்தி இரண்டு. ரங்கராஜுவின் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே மாடலைத் தேடிப்பிடித்து வாங்கியவன். "நம்ம பையன்தானுங்க, இவனுக்கும் சொல்லிக் குடுங்க" என்று தமயந்தியிடம் சேர்த்துவிட்டதே ரங்கராஜுதான். சேர்த்துவிட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது.

எதிரில் ஒரே உதையில் எஞ்சின் பிடித்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"சரி," என்றாள் தமயந்தி.

ரங்கராஜுவுக்கு வயிறு பற்றி எரிந்தது. சாவியைத் திருகித் தன் வண்டியை அணைத்தார். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

இது இன்று நேற்று வந்த எரிச்சல் இல்லை. கனகசபை முன்னால் எல்.இ.டி. விளக்கு போட்டால் இவர் இரண்டு போட்டார். அவன் டிஸ்க் பிரேக் மாற்றினால் இவர் அதோடு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார். அவன் ஒரு பக்கம் பெட்டி மாட்டினான், இவர் இரண்டு பக்கமும் மாட்டினார்.

"நகை போட்டுட்டே இருக்கறீங்களே, மாப்பிள்ளை பாத்தாச்சுங்களா?" என்று அவர் மனைவி சரோஜினிகூட ஒருநாள் கேட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ரங்கராஜு கம்பெனி கேட்டுக்கே போய் நின்றார். தமயந்தி அவரை எதிர் டீக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா அம்மணி?"

"கேளுங்கண்ணா."

"அவனுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"உங்களுக்குச் சொன்னதேதானுங்க."

"அவன் வீட்டுல ரெண்டு மணி நேரம் நிக்கறீங்க. எங்க வீட்டுல முக்கா மணி நேரம்."

"பாத்து வெச்சிருக்கறீங்களா?"

"கடியாரம் இருக்குதுங்களே."

தமயந்தி சிரிக்கவில்லை. தன் டம்ளரைக் குடித்து முடித்து வைத்தாள்.

"உங்க டீ ஆடை கட்டிருச்சுங்கண்ணா," என்றாள்.

அவ்வளவுதான் பதில். இவ்வளவு தூரம் வந்து டீயைப் பற்றிக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. அவள் எதையோ மறைக்கிறாள் என்பது ரங்கராஜுவுக்கு உறுதியாகிவிட்டது.

புதன்கிழமை கனகசபைக்கு வீட்டிலேயே டியூஷன். ரங்கராஜு கேட்டைத் திறந்துகொண்டு அவன் வண்டியருகே போனார். உள்ளேயிருந்து அவன் எட்டிப் பார்த்தான்.

"வாங்கண்ணா, எதாச்சும் பாக்கோணுங்களா?"

"சும்மா, ஒரு சந்தேகம்."

"உங்க வண்டி மாதிரி நினைச்சுக்குங்க. பாருங்க, பாருங்க." அவன் மறுபடி பாடத்துக்குப் போய்விட்டான்.

கார்புரேட்டரின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பெட்ரோலும் காற்றும் எவ்வளவு கலக்க வேண்டும் என்பது அதன் கையில் இருக்கிறது. முழுக்க உள்ளே முறுக்கி, பிறகு எத்தனை சுற்று வெளியே எடுக்கிறோமோ அதுதான் அளவு. ஒரே மாடலாக இருந்தாலும் வண்டிக்கு வண்டி அது மாறும். இது ரங்கராஜுவுக்கும் தெரியும், ஆனால் அவருடைய பொறாமைக்குத் தெரியவில்லை.

குனிந்து, திருப்புளியை வைத்து, உள்ளே முறுக்கிக்கொண்டே எண்ணினார். ஒன்று. இரண்டு. இரண்டே கால். ஸ்க்ரூ அடியில் முட்டி நின்றது.

ரகசியம் கிடைத்துவிட்டது. இனி இருந்தபடியே வெளியே எடுக்க வேண்டும். ஒன்று. ஒன்றரை.

கை அங்கே நின்றுவிட்டது.

முக்கால் சுற்று பாக்கி. உள்ளே கனகசபை யாருக்கோ பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ரங்கராஜு திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கிடைச்சுதுங்களாண்ணா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கிடைச்சுதுப்பா."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தன் வண்டியின் ஸ்க்ரூவைப் படபடவென்று உள்ளே முறுக்கினார். இரண்டே கால் சுற்று வெளியே எடுத்தார். உதைத்தார். வண்டி இருமியது. மறுபடி உதைத்தார். பிடித்து, திக்கித் திணறி, நின்றது. சைலன்சர் ஒரு வெடி வெடித்தது. சரோஜினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

சரி, பழையபடியே வைத்துவிடலாம் என்று மறுபடி குனிந்தார். திருப்புளி ஸ்க்ரூவில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பழையது எத்தனை சுற்று என்று அவர் எண்ணவே இல்லை.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கால் சுற்று கூட்டினார், கால் சுற்று குறைத்தார். வண்டி ஓடும்போதெல்லாம் எதிர்வீட்டு எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்றே அவர் காது போனது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. 'சரி' வாங்கிய வண்டி என்று கனகசபை அதைக் கிளப்பாமலே துடைத்து வைத்திருந்தான். கடைசியில் அலுத்துப்போய் இரண்டே காலிலேயே வைத்துவிட்டார். அவனுக்கு ஓடுவது எனக்கு மட்டும் ஓடாதா என்ற வீம்பு.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தமயந்தி தன் வண்டியில் வந்து தெருவில் நின்றாள். கனகசபை புது ஜாக்கெட்டில் வந்து ஏறி உட்கார்ந்து உதைத்தான். எஞ்சின் பிடித்து, இரண்டு திக்கு திக்கி, நின்றது. மறுபடி உதைத்தான். நான்கு உதைக்குப் பிறகு அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"நீங்க சரின்னு சொன்ன வண்டி மேடம்."

இந்த முகத்தைத்தான் ரங்கராஜு புதன்கிழமையிலிருந்து மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நேரில் பார்த்தால் இனிக்கும் என்று நினைத்தார். இனிக்கத்தான் செய்தது, ஆனால் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

தமயந்தி தன் பையிலிருந்து திருப்புளியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பாருங்கண்ணா."

"நானுங்களா?"

"நீங்கதானுங்க."

ரங்கராஜு குனிந்தார். வண்டியைக் கிளப்பச் சொல்லவில்லை. பிளக்கைப் பார்க்கவில்லை. நேராக அந்த ஸ்க்ரூவுக்குப் போனார். முக்கால் சுற்று, ஒரே திருப்பு. எழுந்துகொண்டார்.

கனகசபை உதைத்தான். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

"அண்ணா!" அவன் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஓட்டிக்கூடப் பாக்காம எப்படிங்கண்ணா கண்டுபிடிச்சீங்க? மேடம், பாத்தீங்களா எங்க அண்ணனை?"

தமயந்தியின் முன்னால் இப்படி ஒரு பாராட்டு கிடைக்காதா என்று எட்டு மாதம் ஏங்கியவர்தான். இப்போது அதைக் கேட்டு உடம்பெல்லாம் கூசியது.

"நான்தான் கெடுத்தேன் கனகு," என்றார். "புதன்கிழமை."

கனகசபை கையை விட்டான். வண்டியைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"கேட்டிருந்தா நானே எண்ணிச் சொல்லியிருப்பேனேங்கண்ணா," என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்த் தன் வண்டியில் உட்கார்ந்துவிட்டான்.

தமயந்தி ரங்கராஜுவின் பக்கம் திரும்பினாள்.

"உங்க வண்டியைக் கிளப்புங்கண்ணா," என்றாள்.

இரண்டு விளக்கும் இரண்டு பெட்டியும் பளபளக்க அது போர்டிகோவில் நின்றது. உதைத்தார். இருமியது. மறுபடி உதைத்தார். பிடித்தது, திக்கியது, நின்றது.

"எத்தனையில வெச்சிருக்கறீங்க?"

"ரெண்டே கால்."

"அது அவரு வண்டிக்குங்க. உங்க வண்டிக்கு எத்தனை இருந்துதுங்க?"

ரங்கராஜு தலையைக் குனிந்துகொண்டார்.

"எண்ணலீங்க," என்றார். பிறகு, விட்டால் போய்விடுவாளே என்ற பதைப்பில், "போன வாரம் நீங்க நின்னு கேட்டீங்களே அம்மணி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? எத்தனைன்னு சொல்லுங்க, இப்பவே வெச்சர்றேன்," என்றார்.

"எனக்கும் தெரியாதுங்கண்ணா. போன வாரம் உங்க வண்டியில ஒரு குறையும் இல்ல, அது மட்டும்தான் தெரியும்."

ரங்கராஜுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

தமயந்தி ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள்.

"எப்படி ஓடுதுன்னு உங்களைத்தானுங்கண்ணா முதல்ல கேட்டேன்," என்றாள்.