கடைத்தெருப் பலகையில் யார் கை வைக்கலாம்?

வேங்கைநல்லூரை ஆண்ட மருதவர்மருக்கு மனசு தங்கம். கை மட்டும் கொஞ்சம் அவசரக் கை. எங்கே பிழையைக் கண்டாலும் உடனே திருத்திவிட வேண்டும் அவருக்கு.

அந்த ஊர்க் கடைத்தெருவில் பெரிய கறுப்புப் பலகை ஒன்று இருந்தது. அரண்மனைச் செய்தியெல்லாம் அதில்தான் வரும். சுண்ணாம்புக்கட்டியால் எழுதுகிறவர் பதுமனார் என்ற எழுத்தர். ஆனால் கட்டி பலகைக்குக் கீழேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எழுதலாம், அழிக்கலாம்.

மழைக்காலம். ஊரில் காய்ச்சல். 'நாளை அரண்மனை முற்றத்தில் அனைவருக்கும் மருந்து' என்று பதுமனார் எழுதிவிட்டுப் போனார். சாயங்காலத் தூறலில் 'ம' மட்டும் கரைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாறுவேடத்தில் வந்தார் மன்னர். கூட, அவருடைய விகடகவி சொக்கேசன்.

"பாரப்பா, 'ருந்து' என்று நிற்கிறது! விருந்துக்கு 'வி' போடக்கூடவா தெரியாது?" என்றார் மன்னர்.

"அரசே, கொஞ்சம் பொறுங்கள், கேட்டுவிட்டு..." என்று சொக்கேசன் இழுப்பதற்குள் மன்னர் கையால் பலகையில் 'வி' ஏறிவிட்டது.

மறுநாள் ஊரே திரண்டு வந்தது. வாழையிலையைக் கையோடு கொண்டுவந்தவர்களும் உண்டு. பசியோடு உட்கார்ந்தவர்களுக்கு வைத்தியர் ஆளுக்கொரு குவளை நிலவேம்புக் கஷாயம் ஊற்றினார். அப்புறம் கேட்கவேண்டுமா? முற்றத்தில் எழுந்த கூச்சல் அந்தப்புரம்வரை கேட்டது.

தளவாய் இருங்கோளர் சபையில் குதித்தார். எழுத்தர் வேலையில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவருக்கு வெகுநாள் ஆசை.

"அரசே, மானம் போயிற்று! இந்தப் பதுமனாரை நாடுகடத்துங்கள்!"

பதுமனார் கைகூப்பினார். "சத்தியமாக மருந்து என்றுதான் எழுதினேன், மகாராஜா. பிள்ளைகுட்டிக்காரன். எங்கே போவேன்?"

மன்னருக்கு முகம் சிவந்தது. 'நான்தான் திருத்தினேன்' என்று சபை நடுவில் எப்படிச் சொல்வது? கடைக்கண்ணால் சொக்கேசனைப் பார்த்தார். வாயைத் திறந்தாயோ, தொலைந்தாய் என்றது அந்தப் பார்வை.

"சொக்கேசா!" என்றார் சட்டென்று. "நாளைக்குள் ஒரு ஏற்பாடு சொல். பலகை வேலையும் நிற்கக்கூடாது, பிழையும் வரக்கூடாது. சொல்லாவிட்டால் பதுமனாரோடு நீயும் கிளம்பு!"

மறுநாள் சபை கூடியது.

"அரசே, பலகை ஒன்று, உரிமை பல," என்று தொடங்கினான் சொக்கேசன். "பதுமனார் எழுதலாம். ஆனால் அமைச்சர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் செய்தி பலகையில் ஏறும். அமைச்சர் சரிபார்க்கலாம், எழுதக்கூடாது. காவலர் பழைய செய்தியை அழிக்கலாம், புதிதாக ஓர் எழுத்தும் போடக்கூடாது. சுண்ணாம்புக்கட்டி இனிமேல் பூட்டிய பெட்டிக்குள்."

"எனக்கு?" என்று மீசையை முறுக்கினார் தளவாய். "நான் என்ன இவர்களைப்போலவா? எழுத, திருத்த, அழிக்க எல்லா உரிமையும் வேண்டும்!"

"தாராளமாக! ஆனால் எல்லா உரிமையும் உள்ளவர் செய்தி அழியும்வரை வெயிலானாலும் மழையானாலும் பலகைப் பக்கத்திலேயே நிற்கவேண்டும். பிழை வந்தால் ஊரார் கேள்விக்கு அவர்தான் பதில்."

கஷாயம் குடித்த ஊர் முகங்கள் தளவாயின் கண்முன் வந்துபோயின. மீசை இறங்கியது.

"வந்து... எனக்குப் படிக்கிற உரிமை போதும்."

சபை சிரித்தது. மன்னர் சிம்மாசனத்தில் நிமிர்ந்தார். "சரி, எனக்கு என்ன உரிமை?"

"தங்களுக்கும் படிக்கிற உரிமைதான், அரசே."

மன்னர் சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டினார்.

"என்ன துணிச்சல்! நாடே என்னுடையது. என் பலகையில் நான் எழுதக்கூடாதா?"

"அதனால்தான், அரசே. பதுமனார் எழுதினால் அது எழுத்து. தாங்கள் எழுதினால் அது கட்டளை. எழுத்தில் பிழை வந்தால் ஈரத்துணி போதும். கட்டளையில் பிழை வந்தால் அதைத் துடைக்க இந்த நாட்டில் யாருக்குத் தைரியம் உண்டு? பிழை அப்படியே நிற்கும். அதற்குப் பதில் ஒரு மனிதன் ஊரைவிட்டுத் துடைக்கப்படுவான்."

மன்னர் தலை குனிந்தார். பதுமனாரைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"பதுமனாரே, அந்த 'வி'யைப் போட்டவன் நான்தான். நேற்றே சொல்லியிருக்கவேண்டும், வெட்கம் தடுத்தது. உங்கள் வேலை உங்களுக்கே. சம்பளமும் இரட்டிப்பு."

பதுமனாருக்குக் கண் கலங்கியது. தளவாய் தூணைப் பார்த்துக்கொண்டார்.

"சொக்கேசா, எல்லாருக்கும் பங்கு வைத்தாயே, உனக்கு எந்த உரிமை வேண்டும்? கேள், தருகிறேன்," என்றார் மன்னர்.

"பெரிதாக ஒன்றுமில்லை, அரசே. தாங்கள் எதையாவது திருத்தக் கிளம்பும்போது, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும் உரிமை!"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் வலக்கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவன் கையில் மாட்டினார்.

"பிடித்துக்கொள்! ஆனால் சாப்பிடும்போது மட்டும் விட்டுவிடு!"