சோகர்களின் முரசு

இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதில் சோகர், திலுங்கர், மாபர் என்று மூன்று குடிகள். அந்த மக்கள் எந்த நாட்டுக்கும் வேண்டாம், அவர்களுடைய ஆறு மட்டும் இரண்டு நாட்டுக்கும் வேண்டும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் மூன்றுபட்டுக் கிடந்தது, கூத்தாடிகளும் இரண்டு பேர்.

பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு இரண்டு நாடுகளிடமிருந்தும் ஒரு வாக்குறுதி கிடைத்தது. குறித்த நாளில் மூன்று குடிகளும் ஆற்று மைதானத்துக்கு வந்து, எங்களைப் பிரிக்காதீர்கள் என்று சொன்னால் பள்ளத்தாக்கு அவர்களுடையதாகவே இருக்கும். பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் ஆற்றங்கரை நெடுக முள்வேலி.

அந்த நாள் காலையில் தெக்சான் முரசறைந்தான். சோகர்களின் தலைவன். மரத்தைக் குடைந்து செய்த அந்த முரசைச் சிப்பாய்களிடமிருந்து ஒளித்துவைத்துச் சிறைக்குப் போய் வந்தவன். தாடி நரைத்துவிட்டது, பிடிவாதம் நரைக்கவில்லை.

சோகர்கள் எல்லோரும் வந்தார்கள். மற்ற இரண்டு குடிகளிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. இரண்டு நாட்டு அதிகாரிகளும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

தெக்சான் மடத்துக்கு ஓடினான். அவனுடைய குரு யூமா அவனைவிட வயதில் இளையவள். நீங்கள் எந்தக் குடி என்று யாராவது கேட்டால், அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அன்றும் அடுப்படியில்தான் இருந்தாள்.

வாசலில் நின்றபடியே அவன் கொட்டித் தீர்த்தான். அவர்களுக்கும் சேர்த்துத்தானே சிறையில் கிடந்தேன் என்றான். நன்றி கெட்டவர்கள் என்றான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"முரசு காதில் விழுந்திருக்காதோ?" என்று கேட்டாள் யூமா.

"விழாமல் என்ன அம்மா? மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்."

"எந்த அடி அடித்தாய்?"

"எங்கள் அடிதான். அவர்களுக்குத் தனித்தனி அடி உண்டு, எனக்குத் தெரியாது. இன்றைக்கு எல்லோரும் ஒன்றுதானே, ஒரே அடி போதாதா?"

யூமா கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினாள்.

"பாசுங், உள்ளே வந்து குடி."

தெக்சான் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

"பாசுங், கஞ்சி ஆறுகிறது."

"யாரைக் கூப்பிடுகிறீர்கள், அம்மா?"

"உன்னைத்தான்."

"அது என் பெயர் இல்லையே."

"பசியோடு வந்திருக்கிறாய். எந்தப் பெயராக இருந்தால் என்ன?"

தன் பெயரில்லாத அழைப்புக்குத் தானும் அசையவில்லை என்பது தெக்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த குடியின் முரசடிக்கு எழுந்து போகிறவன் அந்தக் குடியின் ஏவலாள். அந்தக் காலத்தில் சோகர்கள் அப்படித்தான் மற்றவர்களை வயல் வேலைக்கு வரவழைத்தார்கள். முரசடித்தவனின் பேரனுக்கு அது மறந்துபோகும். ஓடிவந்தவனின் பேரனுக்கு மறக்காது.

கஞ்சியைத் தொடாமல் அவன் மேட்டில் ஏறினான். திலுங்கர்களின் ஊர் வாசலில் நின்று, அவர்களுடைய முரசுக்காரி நாரெங்கைப் பார்க்க வேண்டும் என்றான். அவள் வந்ததும் முரசுக்கோலை இரண்டு கையாலும் நீட்டினான். சிறையில் விரலை ஒடித்தபோதுகூட அவன் காட்டிக்கொடுக்காத முரசின் கோல் அது.

"உங்கள் அடி எனக்குத் தெரியாது. நீங்களே வந்து அடியுங்கள்."

"சோகர் முரசை நான் தொடலாமா?" என்றாள் நாரெங்.

"நான் காலையிலேயே வந்து கேட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையது."

பிறகு மாபர்களிடம் போனான். அங்கேயும் தலைகுனிந்து அதையே சொன்னான்.

நாரெங் மைதானத்துக்கு வந்து முரசில் தன் குடியின் அடியை ஓங்கி அடித்தாள். கிழக்குச் சரிவு முழுக்க ஆட்கள் எழுந்தார்கள். இடுப்பில் பிள்ளைகளோடு திலுங்கர்கள் இறங்கி வந்தார்கள். அடுத்து மாபர்களின் முரசுக்காரன் அவர்களுடைய அடியை அடித்தான். அவர்கள் மாடு, நாய் என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மைதானம் கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

எங்களைப் பிரிக்காதீர்கள் என்று ஒவ்வொரு குடியும் தன் மொழியில் சொன்னது. அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். கொண்டுவந்த முள்கம்பிச் சுருள்களை அவர்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெக்சான் வெட்கமில்லாமல் அழுதான். அன்று அவனைவிடச் சந்தோஷமான மனிதன் அந்த மலையில் இல்லை.

ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே யூமா வந்தாள். அவன் அவள் காலைத் தொட்டு எழுந்தான். ஆனாலும் கண் முரசின் பக்கமே போனது. மாபர் பையன்களும் திலுங்கர் பெண்களும் முரசுக்கோலுக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஜெயித்துவிட்டோம் அம்மா. ஒன்றுதான் உறுத்துகிறது. தலைமுறை தலைமுறையாக அது எங்கள் முரசு. இனிமேல் அது யாருடையது?"

யூமா சிரித்தாள்.

"காலையில் அது உங்களுடையதாக மட்டும்தானே இருந்தது. அப்போது உங்களைத் தவிர யார் வந்தார்கள்?"