ஐந்நூற்று ஏழு

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய குருவுக்கு இருபத்தேழு.

அரூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் இயற்பியல் ஆசிரியர். பிள்ளைகளுக்குக் குவாண்டம் கணினியை அறிமுகப்படுத்தச் சொல்லி, முதலில் அவரைப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் எடுத்தவள் ஆராய்ச்சி மாணவி நிலோஃபர். மற்ற ஆசிரியர்கள் பின்வரிசையில் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டு நிறைய எழுதினார். மனிதர் சோம்பேறி இல்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

சொல்லிக்கொடுத்தது பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க அடுத்த மாதம் நிலோஃபர் பள்ளிக்கே வந்தாள். ஆய்வகத்தில் பொன்னுரங்கம் நாற்பது ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டை, எல்லாவற்றிலும் லேபிள்.

சோதனை எளியது. எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஒரு குவாண்டம் கணினியிடம் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, இணையம் வழியே ஆயிரம் முறை கேட்க வேண்டும்: பூஜ்யமா, ஒன்றா? எந்த முறை எது வரும் என்று ஒருவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்று எத்தனை முறை வந்தது என்று எண்ணி எழுத வேண்டும். ஐந்நூறை ஒட்டி வரும். ஆளுக்கு ஆள் வேறாக வரும்.

நிலோஃபர் முதல் நோட்டைத் திறந்தாள். 507. இரண்டாவது நோட்டு. 507. பதினைந்தாவதிலும் 507.

"ஏன் சார், நாற்பது பேரும் சேர்ந்து ஒரே பொத்தானை அமுக்கினாங்களா?"

"தனித்தனியாத்தான் மேடம். எனக்கு 507 வந்துச்சு. போர்டுல எழுதிப் போட்டுட்டேன். அதிகாரிங்க வந்து கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லி மானத்தை வாங்கக் கூடாது பாருங்க."

நிலோஃபர் அடுத்த நோட்டை எடுத்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா என் லேப்ல ஊசல் சோதனையில புவியீர்ப்பு 9.8 தான் மேடம். ஒரு பய 9.6 எழுதினதில்ல."

"உங்க லேப்ல பூமியே சொன்ன பேச்சு கேக்குது சார்."

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அடியில் கிடந்த ஒரு நோட்டில் மட்டும் 486. அதன்மேல் சிவப்பு மையில் கோடு. பக்கத்தில், 'தவறு. 507.'

"இது யாரு?"

"ஜனப்பிரியா. நல்லாப் படிக்கிற பொண்ணுதான், வாய்தான் காது வரைக்கும். 'எனக்கு வந்ததைத்தானே சார் எழுதினேன்'னு எல்லார் முன்னாடியும் கேட்டுச்சு. ரெண்டு பீரியடு வெளிய நிக்க வச்சேன்."

பல்கலைக்கழகத்தில் பத்து நாள் குவாண்டம் முகாம் நடக்கவிருந்தது. பள்ளிக்கு ஓரிடம். ஆசிரியர் யார் பெயரை எழுதுகிறாரோ அவர்தான் போக முடியும். கையெழுத்து அழகாக இருக்கும் ஒரு பையனின் பெயரைப் பொன்னுரங்கம் படிவத்தில் எழுதி, அதன்மேல் பேப்பர் வெயிட் வைத்திருந்தார்.

நிலோஃபர் அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் அவர் கேட்டார்:

"எனக்கு ஒண்ணுதான் மேடம் இன்னும் பிடிபடல. அளந்து பார்த்ததும் எலக்ட்ரானோட நிலை மாறிடும்னு சொன்னீங்க. பார்த்தா எப்படி மாறும்?"

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. நீங்க கொஞ்சம் வராந்தாவுல நில்லுங்க."

அவர் வெளியே போய் நின்றார். ஜனப்பிரியா வந்து பொத்தானை அழுத்தி, தாளில் எழுதினாள். நிலோஃபர் அவரை உள்ளே அழைத்துக் காட்டினாள். திரையில் 493. தாளிலும் 493.

"இப்போ இங்கேயே நில்லுங்க சார். நீ இன்னொரு தடவை பண்ணும்மா."

திரையில் 512 வந்தது. ஜனப்பிரியா திரையைப் பார்த்தாள். சாரின் சட்டைப்பையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள். தாளில் 507 என்று எழுதினாள்.

"திரையில என்ன இருக்கு?"

"ஐந்நூத்திப் பன்னெண்டு மேடம்."

"நீ எழுதினது?"

"ஐந்நூத்தி ஏழு."

"ஏம்மா?"

அவள் குரல் இறங்கிப்போயிற்று. "எனக்கு கேம்புக்குப் போகணும் மேடம்."

பொன்னுரங்கத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா! திருந்திட்டா. நல்லதுக்குத்தானே கண்டிக்கிறோம்?" பையனின் பெயரை அடித்துவிட்டு ஜனப்பிரியாவின் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டார். "இந்தா. வீட்டுல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினாள். சந்தோஷமாகத்தான் ஓடினாள்.

அவள் போன பிறகுதான் அவருக்குப் பளிச்சென்று உறைத்தது.

"அடடா! இப்பல்ல மேடம் புரியுது! நான் பார்க்காதப்போ ஒண்ணு, நான் பார்த்ததும் வேற ஒண்ணு. எலக்ட்ரானும் இதே கதைதான். நாளைக்கு கிளாஸ்ல இதையே உதாரணமாச் சொல்லிடறேன். சரிதானே மேடம்?"

நிலோஃபர் தாளை மடித்தாள்.

"இல்ல சார். எலக்ட்ரானுக்கு யார் பாக்குறாங்கன்னு தெரியாது."