பவளத்தோட எடது கண்ணு

ஒரு ஊர்ல ஒரு மிளகாய்க் களம் இருந்துச்சாம். கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் வத்தல்தான் காயும். தரைக்குப் பட்டுச்சேலை போத்துன மாதிரி செவச்செவன்னு கெடக்கும். கண்ணைக் கசக்காதடி செல்லம், விட்ட மருந்து வெளிய வந்துரும். மூடிக்கிட்டே கேளு. ம் கொட்டணும், சரியா?

"ம்."

அந்தக் களத்துல குருவம்மான்னு ஒருத்தி வத்தல் பொறுக்குவா. செவந்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். சரசரன்னு கை ஓடும். நெடி ஏறி அச்சு அச்சுன்னு தும்மல் வரும். அந்த ஊர்ல எல்லாருக்குமே கண்ணு செவப்பாத்தான் இருக்கும். வெளியூர்க்காரங்க யாராச்சும் என்ன இப்படின்னு கேட்டா, எங்க ஊர்ல கண்ணு வெளுப்பா இருந்தாத்தான் நோக்காடுன்னு சொல்லிச் சிரிப்பாங்க. குருவம்மாவும் சேந்து சிரிப்பா.

அவளுக்கு ஒரே மக, பவளம். களத்து ஓரத்துல வேப்பமரத்தடியில வெளையாடிக்கிட்டு இருப்பா. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை எடது கண்ணைப் பொத்திக்கிட்டு வந்து, உள்ள மண்ணு கெடக்குன்னு சொல்லுச்சு. குருவம்மா இமையைத் தூக்கிப் பாத்தா. மண்ணு இல்ல. செவந்து போயிருந்துச்சு.

"வத்தலைத் தொட்ட கையைக் கண்ணுல வச்சியாக்கும்?"

"நான் தொடவே இல்லம்மா."

"தொடாம எப்படிடி காந்தும்? பொய் சொல்லாத."

முதுகுல ஒண்ணு வச்சா. அப்புறம் மனசு கேக்காம, மண்பானைத் தண்ணியில துணியை நனைச்சு கண்ணு மேல போட்டா. அந்த ஊர்ல காந்தலுக்கு அதான் வைத்தியம். விடிஞ்சு பாத்தா, இமை ரெண்டும் பசை தடவுன மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு. ம் சொல்லு.

"ம்."

அப்போ குருவம்மா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டு ராக்குகிட்ட போனா. ராக்கு கைப்பிள்ளைக்காரி. தாய்ப்பால் விட்டா எந்தக் காந்தலும் குளுந்துரும்னு அங்க ஒரு நம்பிக்கை. ராக்கு பிள்ளையை மடியில சாச்சு சொட்டு சொட்டுன்னு பீச்சி விட்டா. கன்னத்துல வழிஞ்சதை நக்கிப் பாத்து, இனிக்குதுன்னு சொல்லுச்சு பவளம். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா மறுநாள், வெளிச்சம் குத்துதுன்னு அது மூலையில போயி சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிச்சு.

வானம் வேற கும்முன்னு மூடிக்கிட்டு வந்துச்சு. ஒரு மழை விழுந்தாப் போதும், களத்து வத்தல் அம்புட்டும் கறுத்துப் போயிரும். ஒருத்தரும் வீட்ல இருக்கக் கூடாதுன்னு மொதலாளி ஆள் அனுப்பிட்டாரு. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குப் பொழுது அங்கேயே போயிரும். அப்புறம் குருவம்மா என்ன பண்ணா? பரண் மேல துழாவுனா. அவ புருசன் இருளப்பனுக்குப் போன வருசம் கண்ணு வலிச்சப்ப மருந்துக்கடையில வாங்குன சொட்டு மருந்து பாதி மிச்சம் கெடந்துச்சு. அதை எடுத்து விட்டா.

காலையில கண்ணு பளிச்சுன்னு ஆயிருச்சு. செவப்பு இல்ல, வலி இல்ல. பவளம் குடுகுடுன்னு களத்துக்கு ஓடியாந்துச்சு. உன் பாலுக்கு நின்னுச்சா, என் மருந்துக்குத்தானே நின்னுச்சுன்னு குருவம்மா ராக்குவைக் கேலி பண்ணா. கண்ணு மறுபடி உறுத்துதுன்னு பிள்ளை சொல்றப்பல்லாம் அதையே விட்டுக்கிட்டு வந்தா.

அப்புறம் ஒரு மத்தியானம், சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டு பிள்ளை துடியாத் துடிச்சுது. பாத்தா, கருவிழி மேல ஒரு நொய்யரிசி ஒட்டுன மாதிரி வெள்ளையா ஒண்ணு. முந்தானையால தொடச்சா. போகல. தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

குருவம்மா களத்தை அப்படியே போட்டுட்டு பஸ் ஏறுனா. ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா லைட் அடிச்சுப் பாத்துட்டு, என்னென்ன விட்டீங்கன்னு கேட்டாங்க. தண்ணி, பாலு, மருந்து. எல்லாத்தையும் சொல்லிட்டு மருந்துக் குப்பியையும் எடுத்துக் குடுத்தா. அவங்க திட்டல. திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு அவளுக்கு.

"இது மிளகாக் காந்தல் இல்லம்மா, கருவிழியில புண்ணு. இந்த மருந்து செவப்பை மறைச்சிருச்சு, புண்ணு உள்ள வளந்துருச்சு."

"பார்வை வந்துருமா?"

"மொதல்ல புண்ணை ஆத்தப் பாப்போம்."

மணிக்கொரு தடவை புது மருந்து விடணும்னு சொல்லி ஆஸ்பத்திரியிலயே படுக்கை குடுத்தாங்க. அந்த மருந்து சுருக்குன்னு எரியும். குருவம்மா கிட்ட வந்தாலே பிள்ளை கட்டில்ல சுருண்டுக்கிட்டு, அம்மா வேணாம், அம்மா கையில வத்தல் இருக்குன்னு அலறும். குருவம்மா சோப்பு போட்டுக் கழுவுனா. புளி போட்டுத் தேய்ச்சா. மண்ணை அள்ளித் தேய்ச்சா, தோலு உரியிற வரைக்கும். கழுவுன கையை மோந்து பாரு சாமின்னு நீட்டுனா. பிள்ளை மூக்கைத் திருப்பிக்கிச்சு. கடைசியில நர்ஸ் வந்துதான் மருந்து விட்டாங்க. குருவம்மா கதவுக்கு வெளிய நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தா.

புண்ணு ஆறிருச்சு. அந்த வெள்ளை போகல. எடது கண்ணுல இனிமே பார்வை இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நல்ல கண்ணைப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னும் சொன்னாங்க. சரின்னு தலையை ஆட்டிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டா.

பஸ்ல ஜன்னலோரம் எடம் கெடச்சுது. கடகடன்னு பஸ் போகுது. வலி விட்ட பிள்ளைக்கு ஒரே குஷி. அம்மா மடியில ஏறி மூஞ்சிக்கு நேரா உக்காந்து, உள்ளங்கையால வலது கண்ணைப் பொத்திக்கிச்சு.

"அம்மா, இப்ப நீ இல்ல."

கையை எடுத்துச்சு.

"இப்ப இருக்க."

திரும்பப் பொத்துச்சு. திரும்ப எடுத்துச்சு. நீ இல்ல, நீ இருக்க, நீ இல்லன்னு ஊரு வர்ற வரைக்கும் அதுக்கு அதான் வெளையாட்டு. கையை எடுத்து எடுத்து அம்மா மூஞ்சியைப் பாக்குது பாரு, அப்பல்லாம் குருவம்மா சிரிச்சுக்கிட்டே இருக்கணும். பொத்தியிருக்கிற நேரத்துலதான் கண்ணைத் தொடச்சுக்கிட்டா.

பஸ்ஸும் ஊரு போய்ச் சேந்துச்சு, கதையும் எறங்கிப் போயிருச்சு. ம் சொல்ல வேணாம், நீ தூங்கு செல்லம்.