வாசற்படி வாங்கிய அடி

மரத்தையும் கல்லையும் செதுக்கி வீட்டில் பொருத்திய பிறகும் அவை பேச்சை விடாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் உரல் பேசும், உலக்கை பேசும், அம்மி எல்லாரையும்விடக் கூடுதலாகப் பேசும். நகரவும் அவற்றால் முடியும். ஆனால் வைத்த இடத்தில் இருப்பதுதான் மரியாதை என்று நகராமல் இருந்தன.

மலையடிவாரத்தில் சடையன் என்ற குடியானவனின் வீடு. அந்த வீட்டு வாசற்படி வேங்கை மரம்; சடையனின் பாட்டனார் காலத்தில் போட்டது. ஒரு சாண் உயரம். மழைத் தண்ணீரை உள்ளே விட்டதில்லை, பாம்பு தேளை விட்டதில்லை. சடையனும் அவன் மனைவி வீராயியும் அதைத் தாண்டும்போது, "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார்கள். அதுவும், "பார்த்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லும். மூன்று தலைமுறையாக அதன்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

செல்லாத்தா நடக்கப் பழகும்வரை.

செல்லாத்தா அவர்கள் மகள். ஒன்றே முக்கால் வயது. நடக்கப் பழகினாள் என்பதே சும்மா பேச்சுக்கு. அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் தவழ்ந்தாள், மறுநாள் ஓடினாள். ஓடும்போது முன்னால் பார்க்கும் வழக்கமும் கிடையாது. பின்னால் இருக்கிற கோழியைப் பார்த்துக்கொண்டே முன்னால் ஓடுவாள். கையில் ஏதாவது ஒன்று இருக்கும்: அகப்பை, அப்பன் செருப்பில் ஒற்றை, பாதி கடித்த வெங்காயம். கேழ்வரகு மாவைத் தலையில் கொட்டிக்கொண்டு, "மழ, மழ!" என்று குதிப்பாள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சோறு? "மாட்டே." தூக்கம்? "மாட்டே." சரி, தூங்காமலே இரு? அதற்கும் "மாட்டே."

இப்படிப்பட்டவள் வாசற்படியில் தடுக்கி விழாமல் இருப்பாளா? ஒரு நாள் காலையில் விழுந்தாள். கூரை அதிர அழுதாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்த வீராயி வாரி எடுத்தாள், ஊதினாள், தடவினாள், கோழியைக் காட்டினாள், காக்காவைக் காட்டினாள். அழுகை நிற்பதாக இல்லை. வேறு வழி தெரியாமல், கையை ஓங்கி வாசற்படியில் ஒன்று வைத்தாள்.

"கெட்ட படி! எங்க கண்ணை நீ தள்ளிவிட்டியா? இந்தா, வாங்கிக்கோ!"

அழுகை சட்டென்று நின்றது. செல்லாத்தா மூக்கொழுகச் சிரித்தாள். தாயின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தன் பங்குக்கு இரண்டு போட்டாள்.

வாசற்படி இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. அதை யாரும் அடித்ததில்லை. 'நீ' என்று சொன்னதும் இல்லை.

"ஏம்மா வீராயி," என்றது படி. "நான் எங்கே போனேன், எங்கே வந்தேன்? வெச்ச இடத்திலே கிடக்கறேன். அவதானே ஓடி வந்து என்மேலே இடிச்சா? நான் தள்ளினேனா?"

"கோவிச்சுக்காதீங்க. புள்ள அழுகையை நிறுத்தறதுக்குச் சும்மா ஒண்ணு வெச்சேன்."

"அடி மட்டும் சும்மா விழலையே!"

அன்று பொழுது சாய்வதற்குள் செல்லாத்தா ஏழு முறை விழுந்தாள். ஏழு முறையும் படிக்கு அடி விழுந்தது. மூலையில் கிடந்த அம்மிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன வேங்கையாரே, இன்னிக்கு எத்தனை வாங்கினீங்க?"

"சிரி, சிரி. உனக்கென்ன, யார் காலும் படாத மூலை."

"ஏன், நான் தினமும் அரைபடலையா? மிளகாய் எரிச்சல் வேற."

"அது உன் வேலை. செய்யாத தப்புக்கு அடி வாங்கறது என் வேலையா?"

நாலே நாளில் செல்லாத்தாவுக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த வீட்டில் யார் என்ன செய்தாலும் அடி வாங்க ஓர் ஆள் இருக்கிறது. கூழைக் கொட்டினாள், போய்ப் படியை அடித்தாள். கன்றுக்குட்டியின் காதைக் கடித்தாள். அது முட்டித் தள்ளியதும் எழுந்து போய்ப் படியை அடித்தாள். தொட்டில் சேலையைச் சாணித் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு நின்றாள்.

"இது யாரு கண்ணு பண்ணினது?" என்றாள் வீராயி.

"படி!" என்று விரல் நீட்டினாள் செல்லாத்தா.

இதிலும் பெரிய அக்கிரமம், பெரியவர்களுக்கும் அது பழகிப்போனதுதான். மாட்டுக் கயிறு காணவில்லை என்றால் சடையன் போகிற போக்கில் படியை ஓர் உதை விட்டான். பால் பொங்கி வழிந்தால் வீராயி விளக்குமாற்றால் ஒரு சாத்து சாத்தினாள். மழை பெய்யாததற்கும் ஒரு நாள் அடி விழுந்தது.

வாசற்படிக்குப் பொறுக்கவில்லை. "அடே சடையா, நில்லு. நான் பெரிசா ஒண்ணும் கேட்கலை. 'உங்கமேலே தப்பில்லை'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து சொல்லிட்டுப் போ."

சடையன் சிரித்தான். "மரத்துக்கு எதுக்குங்க இத்தனை ரோசம்?"

உளி இறங்கியபோதுகூட அப்படி வலித்ததில்லை.

"கேட்டியா?" என்றது படி, அம்மியிடம். "ரோசம் எதுக்குன்னு கேட்கறான். நாளைக்கு நான் இந்த இடத்திலே இருக்கப் போறதில்லை. அவ விழட்டும். அப்போ யாரை அடிக்கறாங்கன்னு பார்க்கறேன்."

மறுநாள் நெல் அவிக்கிற நாள். வாசலில் மூன்று கல் கூட்டி, பெரிய கொப்பரையை ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் கொதித்து ஆவி பனைமர உயரத்துக்குப் போனது. விறகு பிளந்து எடுத்துவரச் சடையன் கொல்லைக்குப் போனான். நெல் கொட்டப் பாய் எடுக்க வீராயி உள்ளறைக்குப் போனாள். இதுதான் சமயம் என்று வாசற்படி தன்னை அசைத்து அசைத்துக் கழற்றிக்கொண்டது. நகர்ந்து போய்ச் சுவரோரம் சாய்ந்துகொண்டது.

செல்லாத்தா வந்தாள். கையில் அகப்பை, கண் கோழிமேல். விழவேண்டிய இடம் வந்தது, விழவில்லை. அவளுக்கே சந்தேகமாக இருந்தது. நின்று குனிந்து பார்த்தாள். படியைக் காணோம். அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? அகப்பையை ஆட்டிக்கொண்டு, கோழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, வாசலில் ஓடினாள்.

"பார்த்தியா!" என்றது படி. "நான் இல்லேன்னா—"

சொல்லி முடிக்கவில்லை. அவள் ஓடுகிற திசையில் கொப்பரை இருந்தது.

தினமும் அவள் இந்த இடத்தில் விழுவாள், விழுந்தால் அழுவாள், அழுதால் யாராவது ஓடிவருவார்கள். இன்று விழவில்லை. யாரும் வரப்போவதில்லை.

"வீராயி!" என்று கத்தியது. உள்ளறையில் பாய் உதறுகிற சத்தம்தான் கேட்டது. மூன்று தலைமுறையாக அசையாமல் கிடந்த கட்டை, தலைகீழாகப் புரண்டு, குதித்து, வாசலைக் கடந்து, குழந்தையின் காலுக்கு முன்னால் போய் விழுந்தது. செல்லாத்தா தடுக்கிக் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அதுவரை அழுத அழுகையெல்லாம் ஒத்திகை என்பதுபோல ஓர் அழுகை கிளம்பியது.

சடையன் கோடாலியோடு ஓடிவந்தான். மகள் வாயில் ரத்தம். பக்கத்தில், இருக்கவேண்டிய இடத்தை விட்டு இத்தனை தூரம் வந்து கிடக்கிற வாசற்படி.

"துரத்திக்கிட்டு வந்தா தள்ளிவிடறே?" என்று கத்தினான். "கைக்குழந்தைமேலே இத்தனை வஞ்சமா?"

படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ரோசம் எதுக்கு என்று கேட்டவனுக்கு எதற்குப் பதில்?

கோடாலி இறங்கியது. வேங்கையின் சாறு சிவப்பு. பிளந்த இடத்தில் அது ரத்தம்போலவே ஊறி வந்தது. சடையன் இரண்டாம் முறை ஓங்கினான்.

"ஏனுங்க, நிறுத்துங்க!" பாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் வீராயி. "அகப்பை எங்க கிடக்குதுன்னு பாருங்க!"

சடையன் பார்த்தான். மகள் கையிலிருந்த அகப்பை கொப்பரைக்குள் விழுந்து, கொதிக்கிற தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது. விழுந்து கிடந்த மகளின் தலைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இல்லை. கோடாலி அவன் கையிலிருந்து நழுவியது.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீராயி உள்ளே ஓடினாள். அம்மியில் அரைத்து வைத்திருந்த மஞ்சளை வழித்து வந்தாள். பாதியைக் குழந்தையின் உதட்டில் தடவினாள். மீதியை மண்டியிட்டு உட்கார்ந்து வாசற்படியின் காயத்தில் அப்பினாள். மஞ்சளுக்கு நடுவே சிவப்பு ஒரு பொட்டளவுக்கு ஊறி நின்றது.

"உங்கமேலே தப்பில்லைங்க," என்றாள்.

"உங்கமேலே எந்தத் தப்பும் இல்லைங்க," என்றான் சடையன், தலை குனிந்தபடி.

"இதைச் சொல்ல ஒரு கோடாலி வேண்டியிருந்தது," என்றது வாசற்படி.

செல்லாத்தா இன்னும் நிறுத்தவில்லை. கோழியைக் காட்டியும் நிற்கவில்லை, கன்றுக்குட்டியைக் காட்டியும் நிற்கவில்லை. விக்கலுக்கு நடுவே விரலை நீட்டி, "படி! படி!" என்றாள். வீராயியின் கை எழுந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"அடி," என்றது வாசற்படி.

"என்னங்க சொல்றீங்க?"

"அடிம்மா, அவ மூச்சு முட்டிப்போயிடும். ஆனா ஒண்ணு. வெறுங்கையாலே அடிக்கணும், விளக்குமாறு, உதை, கோடாலி எதுவும் கூடாது. அடிக்கற கை கொஞ்சமாச்சும் வலிக்கட்டும். குழந்தை விழுந்ததுக்கு மட்டும்தான் அடி, உன் புருஷன் கயிறு தொலைச்சதுக்கெல்லாம் இல்லை. என்மேலே ஏறி யாரும் நிக்கக் கூடாது. இந்தக் காயத்துக்கு வாரம் தவறாம மருந்து போடணும்."

"போடறேங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் கையாலே போடறேன்."

"நான் இனிப் பேச மாட்டேன். வாயைத் திறந்தா நியாயம் பேச வேண்டி வரும். நியாயம் பேசினா எந்தக் குழந்தையும் அழுகையை நிறுத்தாது. சரி, அடி."

வீராயி அடித்தாள். செல்லாத்தா சிரித்தாள். சடையன் படியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் பொருத்தினான். அதன்பின் அது நகரவில்லை, ஒரு சொல் பேசவில்லை. அம்மி மட்டும் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் சொல்ல ஆளில்லை என்றதும் அதுவும் பேச்சை விட்டது.

அந்த நெல் அவித்த நாளிலிருந்துதான், குழந்தை தடுக்கி விழுந்தால் நாம் வாசற்படியை வெறுங்கையால் அடிக்கிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் கழுவி, மஞ்சள் பூசி, சிவப்பாகப் பொட்டு வைக்கிறோம். வைத்துவிட்டு, மகாலட்சுமிக்கு என்று சொல்லிக்கொள்கிறோம். வாசற்படி அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் கிடக்கிறது.