எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

தும்பலக்குறிச்சிக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லமாட்டார்கள். அந்த ஊர்ப் புத்தி காற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்குப் பயம். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

அங்கே ஊராட்சிச் செயலர் மாசிலாமணி. ஊரிலேயே விவரமானவர் என்று பெயர். அதாவது, மற்றவர்கள் அவரைவிட மோசம். ஒருநாள் மேலிடத்திலிருந்து அவருக்கு உத்தரவு வந்தது. அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கும் விவரங்களை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுதியதற்கும் ஊரில் இருப்பதற்கும் ஓர் எண்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது. மக்கள் கூடிப் பேசி, அவற்றைக் கொண்டு புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அதிகாரி வந்து பார்ப்பார்.

மாசிலாமணி நீலப் பெயிண்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதினார்: மக்கள் 1,412. ஆடுகள் 306. தொட்டியில் தண்ணீர் நாலு அடி.

மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வண்ணமுத்து வழக்கம்போலத் தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார். தலைவர் பேச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அடைத்தார்.

"நாலடின்னு எழுதியிருக்கு. நீ பாட்டுக்குத் திறந்துவிட்டா மூணடி ஆயிடாதா? அரசாங்கத்தைப் பொய்யாக்கப் பாக்கியா?"

"அப்போ குடிக்கிறதுக்கு?"

"ஆத்துல போய் எடுக்கச் சொல்லு. ஆத்தை நாம எழுதல."

ஒருவர் வீட்டில் ஆடு இரண்டு குட்டி போட்டது. அவர் சத்தம் காட்டாமல் இரண்டு கிடாக்களை ஓட்டிக்கொண்டுபோய் வெளியூரில் மாமியார் வீட்டில் கட்டிவிட்டு வந்தார். ஊரே அவரை மெச்சியது.

வினை மாசிலாமணி வீட்டில்தான் வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவர் மனைவி செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி கேட்டு அவர் செருப்பை மாட்டுவதற்குள் தலைவர் கூட்டம் போட்டுவிட்டார்.

"சுவத்துல ஒண்ணைக் கூட்டி எழுதிட்டா என்ன?" என்றார் மாசிலாமணி. அவருக்குப் பிள்ளையைப் பார்க்கும் அவசரம்.

"நாளைக்கு இன்னொண்ணு பிறக்கும். தினம் மாத்தி எழுதினா அது விவரமா, வேடிக்கையா?" என்றார் தலைவர்.

"யாராவது ஒருத்தர் செத்துப்போனா சரியாயிடும்" என்று வார்டு உறுப்பினர் சண்முகவடிவு அக்கறையோடு சொன்னார். எல்லோரும் எண்பது வயது ஆண்டியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். தமக்கு இப்போதுதான் இருமல் குறைந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

வண்ணமுத்து தொண்டையைக் கனைத்தார். "சாகணும்னு இல்ல. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் போய் நின்னாலே போதும்."

கூட்டம் கைதட்டியது. மக்கள் கூடிப் பேசிப் புதிதாகக் கண்டுபிடித்தாயிற்று.

"கூட்டினவர் யாரோ அவரே கழியணும்" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். மாசிலாமணி விரல்விட்டுக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். ஆனால் கணக்கில் குற்றம் காண முடியவில்லை.

பன்னிரண்டு நாள் அவர் கல்லுக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றார். சோறு கொண்டுவந்தவர் இந்தப் பக்கமே நின்று தூக்குவாளியைக் கம்பால் தள்ளிவிட்டார். தாண்டினால் ஓர் ஆள் குறையும். "மூக்கு அப்படியே உங்க மூக்குதானாம், அண்ணாச்சி, அக்கா சொல்லச் சொன்னாங்க" என்றார். மாசிலாமணி தூக்குவாளியை மூடி வைத்தார். ஓர் எட்டு வைத்தால் மகள் முகம் பார்க்கலாம். வைத்தால் சுவர் பொய்யாகிவிடும். மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

பதின்மூன்றாம் நாள் அதிகாரி ஜீப்பில் வந்தார். அவரும் டிரைவரும் உள்ளே நுழைய, தலைவரும் சண்முகவடிவும் வெளியே போய் மாசிலாமணி பக்கத்தில் நின்றார்கள்.

"தலைவர் எங்கய்யா?" என்றார் அதிகாரி.

"நீங்க வந்தீங்கல்ல, அதான் வெளிய போயிட்டாரு" என்ற வண்ணமுத்து, கண்டுபிடிப்பை முழுசாக விளக்கினார்.

அதிகாரி மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, சுவரில் மக்கள் என்பதற்குப் பக்கத்திலிருந்த எண்ணைத் தம் கையாலேயே துடைத்தார். "இந்த எண்ணே வேண்டாம். போய் அந்த மனுஷனைப் பிள்ளையைப் பாக்க விடுங்க."

ஊர் சுவரைப் பார்த்தது. மக்கள் என்று இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"நாம யாருமே இல்லேன்னு ஆயிடுச்சு" என்று வண்ணமுத்து பெருமூச்சு விட்டார்.

அரை மணி நேரத்தில் பாய், பானை, சட்டியோடு ஊரே கல்லைத் தாண்டியது. செண்பகமும் வந்தாள். மாசிலாமணி மகளைக் கையில் வாங்கினார். மூக்கு அவர் மூக்குதான். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் விக்கி விக்கி அழுதார்.

அழுது முடித்ததும் செயலர் என்ற பொறுப்பு நினைவுக்கு வந்தது. ஊருக்குள் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. நீங்களும் டிரைவரும் இப்படி வந்துட்டீங்கன்னா சுவரு சரியாயிடும்."

அதிகாரி காலித் தெருவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவருடைய இருபத்தாறு வருஷ சர்வீஸில் எந்த ஊரும் இப்படி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனதில்லை. ஜீப்போடு கல்லைத் தாண்டி வந்து, அதன் பானெட்டின்மேல் படிவத்தை வைத்து எழுதினார்: "விவரம் நூற்றுக்கு நூறு சரி. மற்ற ஊர்களையும் இப்படியே செய்யச் சொல்லலாம்."